அரை இஞ்சு அக்காவும் குட்டியும்

எங்கள் கடைத் தையல்காரிக்கு ‘அரை இஞ்சு’ என்று பெயர் வைத்தது நான்தான். தைப்பதிலும் சரி, பேச்சிலும் சரி, அரை இஞ்சு விட்டுக்கொடுக்க மாட்டாள். அவள் வெட்டித் தைப்பாள். நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பேன், ஓரம் மடிப்பேன், கூடவே ஊர்வம்பும் பேசுவேன். பதினாறு வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. பெண்கள் என்றால் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் டேப் வைத்து அளவெடுப்பாள். ஆண்கள் மேல் அந்த டேப் படாது. அவர்கள் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அதைப் பார்த்துத்தான் தைப்பாள்.

அவளுக்குக் கூடப் பிறந்தது ஒன்றே ஒன்று. வீட்டில் கூப்பிடும் பெயர் குட்டி. இருபத்தேழு வருஷம் தம்பியாக வளர்ந்த குட்டி, போன வருஷம் அக்காவை உட்காரவைத்து, “நான் பொண்ணுக்கா. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்” என்று சொன்னாள். அரை இஞ்சு கத்தவில்லை. “என்னால அப்படி நினைக்க முடியல குட்டி” என்றாள். அதற்குப் பிறகும் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

குட்டிக்கு நூலகத்தில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை முதல் வாசல் மேசையில் உட்கார வேண்டும். புதன்கிழமை மத்தியானம் நீலத் துணியோடும் பழைய கவுன் ஒன்றோடும் கடைக்கு வந்தாள்.

“அளவுக்கு இதை வச்சுக்கக்கா.”

அக்காவுக்குச் சங்கடம் வேண்டாமென்று, டேப் வைக்கச் சொல்லாமல் தானாகவே ஆண்கள் வரிசையில் சேர்ந்துகொண்டாள். 

அரை இஞ்சு கவுனை விரித்துப் பார்த்தாள். ரெடிமேட். தோளில் இறுக்கம், இடுப்பில் தொளதொள.

“வேற கடையில குடுக்கலாமே?”

“வேற யார் முன்னாடி போய் நிப்பேன்? நீ முடியாதுன்னா பழைய பேண்ட் சட்டையிலயே போறேன்.”

அரை இஞ்சு கத்தரியைக் கீழே வைத்தாள். “ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. மாசாமாசம் வயித்தப் பிடிச்சுக்கிட்டு இந்த மெஷின் மேலயே சாஞ்சு கிடந்திருக்கேன். கடைசில கர்ப்பப்பையவே எடுத்தாச்சு. எனக்குப் பொண்ணுன்னா அதெல்லாம் சேர்ந்ததுதான். ஒரு கவுன் போட்டா வந்துடுமா?”

எடுத்தாச்சே, இப்போ நீ யாரு என்று நானாக இருந்தால் கேட்டிருப்பேன். என் வாய் அப்படி. குட்டி கேட்கவில்லை.

“அப்பல்லாம் ஒத்தடம் குடுத்தது நான்தானேக்கா. அந்த வலி உன்னோடது. அதுல நான் பங்கு கேக்கல. கவுனாலதான் நான் பொண்ணுன்னும் சொல்லல. கண்ணாடியில வேற யாரையோ பாத்துக்கிட்டே வளந்தேன். அது என்னோட வலி. நீ ஒத்துக்க வேண்டாம். பொய் சொல்றேன்னு மட்டும் நினைக்காத.”

“பொய்யின்னு நான் எப்ப சொன்னேன்?” அரை இஞ்சுக்குக் குரல் உடைந்துவிட்டது. “எனக்குப் புரியல, அவ்வளவுதான். இன்னும் பத்து வருஷம் ஆனாலும் புரியாமலே போகலாம்.”

“போகட்டும். பத்து வருஷமும் சேர்ந்து சாப்பிடுவோம்ல?”

அரை இஞ்சு கவுனை மடித்துக் குட்டியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“இதப் பாத்துத் தைச்சா தோள் பிடிக்கும்” என்றபடி கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். திரையை விலக்கிப் பிடித்தாள். “உள்ள வா.”

அவள் மனசு மாறிவிட்டதென்று நான் சொல்ல மாட்டேன். மறுநாள் கேட்டதற்கும், “நான் நினைக்கறது நினைக்கறதுதான்” என்றாள். ஆனால் அன்றைக்கு அளவுநோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் காத்திருந்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து வெகுநேரம் எண் எதுவும் வரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. அக்காவா தங்கையா என்று தெரியவில்லை. பிறகு அரை இஞ்சின் குரல் வந்தது.

“கூன் போட்டு நிக்காத குட்டி, அளவு தப்பா வரும். நல்லா நிமிந்து நில்லு.”