சீட்டில் ஒரு தோசை

வி.வி.புரம் சாப்பாட்டுத் தெருவில் மாலை ஆறு மணிக்கு உட்கார நாற்காலி ஏது? ஓரமாக நிற்கும் ஒரு ஸ்கூட்டரின் சீட்டில் தட்டை வைத்து, வெண்ணெய் தோசையை ஊதி ஊதித் தின்கிறேன்.

கையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண்மணி வந்து வண்டியருகே நிற்கிறார். பதறிப்போய்த் தட்டைத் தூக்குகிறேன்.

"ஐயோ, ஸாரிங்க!"

"பரவால்ல சார், மெதுவா சாப்பிடுங்க. நான் நிக்கிறேன்."

மெதுவாகவா? மிச்சத்தை வாய் வெந்துபோக விழுங்குகிறேன். சீட்டில் சொட்டிய சட்னியை என் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "எடுத்துக்கங்க" என்கிறேன்.

அவர் ஹெல்மெட்டை வண்டியின் கண்ணாடியில் மாட்டிவிட்டு, கணவர் கொண்டுவந்த இரண்டு தட்டுகளையும் சீட்டில் வைக்கிறார்.

"கிளம்பலையா?"

"எங்க வண்டி அந்த மூலையில நிக்குது சார். இது யாருதோ! இடம் காலியாவட்டும்னுதான் நின்னேன். தொடச்சு வேற குடுத்துட்டீங்க, தேங்க்ஸ்!"