டாக்டர் அலமேலுவும் ஒரு ஹனூர்க்காரரின் காலும்

மேல்கோட்டை பஸ் கண்டக்டர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிச் சொன்னபோது நான் நம்பவில்லை. காய்ச்சல் என்று அங்கே தன் ஊருக்குப் போன டாக்டர் அலமேலு காலமாகிவிட்டார். அதை வார்டில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

அவரைச் சாந்தமானவர் என்கிறீர்கள், அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும். என்னிடம் அப்படி இருந்ததில்லை. நான் கத்தி பிடிப்பவன். அவர் சர்க்கரையையும் இதயத்தையும் பார்ப்பவர். ஆறாத புண்ணோடு வருகிறவர்களுக்கு எல்லாம் சேர்ந்தே கெட்டிருக்கும். அதனால் எங்களுக்குள் ஓயாத சண்டை.

ஹனூர் விவசாயி வேலப்ப கவுண்டருக்குச் சுதந்திரக் கொடி ஏற்றிய அன்று பாதத்தில் முள் குத்திய இடம், அடுத்த வருஷமும் புண்ணாகவே இருந்தது. உள்ளே எலும்பு அழுகியிருந்தது. உடனே புண்ணைத் திறக்கவேண்டும் என்றேன். அலமேலு மறுத்தார்.

“இப்படி மூச்சு வாங்கறவரை மேஜையிலே படுக்கவச்சா எழுந்திருக்க மாட்டார். கத்தியைக் கீழே வையுங்கோ.”

“நீங்க ஊசி போட்டு முடிக்கறதுக்குள்ள கால் முழுக்கப் போயிடும்!”

கட்டிலிலிருந்து கவுண்டர் குறுக்கிட்டார்: “ஒரு காலுக்கு எதுக்குங்க ரெண்டு பேரும் சண்டை? இன்னொண்ணும் இருக்குதுங்க. ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்க.”

அலமேலு சிரித்தார். கத்தியை எடுக்க மட்டும் விடவில்லை.

மூச்சு சீரானது. சர்க்கரை இறங்கவில்லை, இன்சுலினைக் கூட்டியும் இறங்கவில்லை. காய்ச்சல் வந்தது. காலையே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடச் சொன்னார் பெரிய டாக்டர். மறுநாள் காலை அலமேலு என்னைத் தேடி வந்தார்.

“சீழ் உள்ளே இருக்கறவரைக்கும் என் மருந்து கேக்காது. இன்னிக்கே திறங்கோ. செத்ததை மட்டும் எடுங்கோ, காலை விட்டுடுங்கோ.”

“நேத்து வரைக்கும் வேண்டாம்னீங்களே?”

“நேத்து அவர் வேற ஆள், டாக்டர்.”

முழு மயக்கத்தை அந்த இதயம் தாங்காது. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டோம். ரத்தம் கசியும் நல்ல சதை தெரியும்வரை நான் வெட்டிக்கொண்டே போனேன். தலைமாட்டில் நின்ற அலமேலு பிடித்த நாடியை விடவேயில்லை.

அதன் பிறகுதான் சர்க்கரை இறங்கியது. புண்ணில் புதுச் சதை சிவந்து வந்ததும் தொடைத் தோலை எடுத்து மூடினேன். இரண்டு விரல் போயிற்று, கால் நின்றது. கொள்ளேகால் பஸ்ஸுக்குக் கவுண்டர் தானே நடந்து போனார்.

இப்போது அதே வார்டில் ஒரு பெண் ஆறாத புண்ணோடு படுத்திருக்கிறார். சிறுநீரகமும் சரியில்லை. அலமேலுவின் இடத்துக்கு வந்திருப்பவர் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார். அதுதான் ஆபத்து. நேற்றே சொல்லிவிட்டேன்: “தப்புன்னு தோணினா என்னைத் தடுங்க, சார். நான் கத்துவேன். அதுக்காக விட்டுடாதீங்க.”

அலமேலுவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சண்டையைத்தான். இவர் என்னை எதிர்த்து ஒரு கேள்வியாவது கேட்கும்வரை அந்தப் பெண்ணை மேஜையில் ஏற்றமாட்டேன்.