இருமல் மருந்துக்கு முன்னால்

ஏழு வயதில் அவள் பள்ளிக்கூடத்து மணியைக் கழற்றி மாடியிலிருந்து கீழே போட்டாள். நல்ல வேளை, யார் தலையிலும் விழவில்லை. வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் வாலு.

சிரிப்பு வெகுநாள் நீடிக்கவில்லை. பக்கத்துப் பிள்ளையின் கையை ரத்தம் வரக் கடித்துவிட்டு இல்லவே இல்லையென்று சாதித்தாள். பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டாள். பாதிப் பாடத்தை வகுப்புக்கு வெளியே முட்டி போட்டுக்கொண்டே கேட்டாள். மூன்றாம் வகுப்பு டீச்சர் மட்டும் அப்பாவைக் கூப்பிட்டு, "இது வெறும் சேட்டை இல்ல சார். ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்.

"என் பொண்ணு என்ன பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு வந்த அப்பா, பெல்ட்டை உருவினார். டாக்டர் பேச்சு அதோடு சரி.

பதின்மூன்றில், பள்ளிக் கழிவறைக்குப் பின்னால் பெரிய வகுப்புப் பெண்கள் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். வேறு யாரும் சேர்க்காதவளுக்கு அதுவே பெரிது. இருமல் மருந்துப் பாட்டில் கைமாறி வந்தது. குடித்த சற்று நேரத்தில் தலைக்குள் ஓயாமல் இருந்த இரைச்சல் நின்றது.

பிறகு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. தூக்க மாத்திரை திருடி மாட்டிக்கொண்டாள். கல்யாணம் இரண்டு வருடம் தாங்கியது. முப்பத்திரண்டு வயதில், குளியலறையில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவளைக் கதவை உடைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தது அக்காதான். மறுநாள்தான் கண் விழித்தாள்.

"இந்தப் பழக்கம் எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"புருஷன் விட்டுட்டுப் போனதுக்கப்புறம்" என்றாள் அக்கா.

"பதிமூணு வயசுல" என்றாள் இவள். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்க?"

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. சொன்னாள். மணி, கடி, பொய், பெல்ட். வேறு யாருடைய கதையோபோல் இருந்தது.

"இப்படி இருக்கிற பிள்ளைங்க எல்லாரும் போதைக்குப் போறதில்ல" என்றார் டாக்டரம்மா. "ஆனா மத்தவங்களவிட ஆபத்து அதிகம். அப்பவே கவனிச்சிருந்தா கொஞ்சம் கொறஞ்சிருக்கும்."

அழவேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை. அக்காதான் மூக்கை உறிஞ்சினாள்.

இப்போது அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினொரு மாதமாக வேலை. நடுவில் ஒருமுறை மறுபடி மாத்திரையைத் தொட்டுவிட்டாள். மறுநாள் காலையே போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள். திட்டு விழவில்லை, போதையில்லாத நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார்.

போன வாரம் அப்பா போன் செய்தார். குரல் தளர்ந்திருந்தது.

"இப்பவாவது அடங்கிட்டியாம்மா?"

"ம்" என்றாள்.

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்து இருமினார். இருமி முடிக்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தாள். பிறகு, "வேலை இருக்குப்பா" என்று வைத்துவிட்டு, இயந்திரத்திலிருந்து விரிப்புகளை எடுத்து உதறத் தொடங்கினாள்.