118-க்கு சர்க்கரை இல்லாத டீ

மகள் சமூகவியல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நான் சொல்றேன், சரியான்னு கேளு" என்றாள். அவளுக்குத் தமிழ் திக்கித் திக்கித்தான் வரும்.

"ஒரு ஆள் போயிட்டா சமூகம் விழாது. அந்த எடத்துக்கு வேற ஆள் வரும். எல்லாரும் அவன்கிட்ட பழசையே எதிர்பார்ப்பாங்க. அவனும் அப்படியே ஆயிடுவான். சிஸ்டம் பேலன்ஸ் ஆயிடும்."

"எவன் எழுதினான் இதை?" என்று கத்திவிட்டேன். பயந்துபோனாள். தப்பாக எழுதியிருந்தால் கத்தியிருக்க மாட்டேன். அத்தனையும் சரி. அதுதான் என் கோபம்.

தொண்ணூறுகளின் நடுவில் புனே பக்கம் போசரியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். பிரஸ் மெஷின் வேலை. முந்தைய வாரம் அதே மெஷின் முன்னால் துரைராஜ் என்பவர் நெஞ்சுவலியில் விழுந்து செத்திருந்தார். அவர் மெஷினை எனக்குக் கொடுத்தார்கள். அவர் நம்பர் 118, அதையும் கொடுத்தார்கள். லாக்கரைத் திறந்தால் ஊறுகாய் வாசனை. அவருடைய டிபன் டப்பாவும் மூக்குக்கண்ணாடியும் உள்ளேயே இருந்தன.

கம்பெனி பஸ்ஸில் என்ன கூட்டமானாலும் நான்காவது ஜன்னல் சீட் எனக்காகக் காலியாக இருக்கும். டீக்காரன் சர்க்கரை போடாத டீயை நீட்டுவான். சர்க்கரை கேட்டால் "118 கா ஃபீக்கா சாய்" என்று சிரிப்பான். துரைராஜுக்குச் சர்க்கரை வியாதியாம். நான் சண்டைக்காரன்தான். ஆனாலும் இரண்டாம் மாதம் பேசாமல் குடித்தேன். மூன்றாம் மாதம் அதுதான் பிடித்தது.

ஃபோர்மேன் கதம் தினமும் முதுகில் தட்டி, "க்யா 118, மாமியார் ஊருக்குப் போயாச்சா?" என்று இந்தியில் கேட்பார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஒருநாள் என்னையறியாமல் "எங்கே போறாங்க?" என்றேன். ஷெட்டே சிரித்தது. அது துரைராஜ் சொல்லும் பதில் என்று பிறகு தெரிந்தது.

ஒரு மதியம் துரைராஜின் மனைவி அவர் சாமான்களை வாங்க வந்தார். கேட்டில் புருஷன் நம்பரைச் சொல்லியிருக்கிறார். வாட்ச்மேன் புதியவன். கார்டுப் பலகையைப் பார்த்தான். காலை ஏழு மணிக்குப் பதிவான கார்டு இருந்தது. "118 அந்தர் ஹை, உள்ளேதான். கூப்பிடறேன்" என்றான்.

நாளெல்லாம் வலது காலால் பெடலை மிதித்தால் இடது கால் மரத்துப்போகும். இழுத்துத்தான் நடக்க வரும். வெயிலில் அப்படித்தான் நடந்து வந்தேன். அந்த அம்மா கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி என் காலையே பார்த்தார். பக்கத்தில் வந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"நான் அவர் இல்லம்மா" என்றேன். மடையன், வேறென்ன சொல்ல!

"தெரியுது தம்பி. உங்க பேரு என்ன?"

உடனே சொல்ல வரவில்லை. மூன்று மாதமாக யாரும் கேட்காத கேள்வி.

கண்ணாடியையும் டப்பாவையும் கொடுத்தேன். "அவர் பேரு எழுதினது ஏதாச்சும் இருக்கா தம்பி? பதினாறு வருஷம் இங்கதானே கெடந்தாரு."

தேடினேன். கார்டு, பலகை, ரிஜிஸ்டர், எல்லாவற்றிலும் 118தான். இல்லை என்றேன். "சரி தம்பி" என்று போய்விட்டார்.

ஆத்திரம் தாங்கவில்லை. இரும்பில் கோடு போடும் ஊசியை எடுத்து, மெஷின் உடம்பில் 'துரைராஜ்' என்று தமிழில் ஆழமாகக் கீறினேன். நிமிர்ந்தால் பின்னால் கதம்.

"க்யா லிக்கா?" என்ன எழுதினாய் என்று கேட்டார்.

வேலை போய்விடும் என்று பயம். "சாமி பேரு" என்று இந்தியில் உளறினேன். அவர் அந்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தசரா பூஜையில் அந்தப் பெயருக்குக் குங்குமம் வைத்து செண்டுமல்லி மாலை போட்டார்கள். பிறகு தினமும் ஷிப்ட் ஆரம்பத்தில் எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பெனியை மூடினார்கள். ஷெட் இருந்த இடத்தில் இப்போது கார் ஷோரூம். மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கிரேன் தூக்கும்போது பார்த்தேன், குங்குமம் அடைத்துப்போய் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. லாரி கிளம்பியதும் கதம் கைகூப்பிக் கண்ணை மூடினார். எந்தச் சாமி என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.