தண்ணி விழுதான்னு ஒரு வெப்சைட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் செல்போன் செத்துப்போய்விட்டது. அதாவது, அப்படித்தான் நினைத்தேன். தூக்கிக்கொண்டு தென்காசி பஜாருக்கு ஓடினேன்.

கடைக்காரர் செல்வம் அண்ணாச்சி செல்போன் விற்பார், கம்ப்யூட்டர் விற்பார், நேரம் கிடைத்தால் என் மானத்தையும் சேர்த்து விற்பார்.

“நேத்துல இருந்து ஒரு கால் வரல அண்ணாச்சி. உள்ள என்னமோ போயிட்டு போல.”

அவர் தன் போனிலிருந்து என் நம்பரை அடித்தார். என் போன் அலறியது. கடையில் ஒருத்தியின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை பயந்து, அதுவும் சேர்ந்து அலறியது.

“போனு நல்லாத்தான் இருக்கு. ஒன்னயக் கூப்பிடத்தான் ஆளு இல்ல. அதுக்கு நான் எந்தப் பார்ட்ஸ மாத்த?”

சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் நாலு வார்த்தை சொல்லுவார்.

குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருக்கிறது. சாரல் விடவில்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களுக்குக் கை ஓயவில்லை. நான் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் லாட்ஜில் ரூம் கேட்டுக் கூலிங் கிளாஸ் போட்டவர்களெல்லாம் கெஞ்சுகிறார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு தென்காசிக்காரனுக்குப் போன் வரவில்லையா? நம்ப முடிகிறதா?

வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் சம்பளமில்லாத ஓர் உத்தியோகம் உண்டு. சீசன் தொடங்கினால் போதும் — கோயம்புத்தூர் ஒன்றுவிட்ட சித்தி, பாலிடெக்னிக்கில் பக்கத்து பெஞ்சில் தூங்கினவன், என்றைக்கோ பஸ்ஸில் பழக்கமானவர்... எல்லோரும் கூப்பிடுவார்கள். நலம் விசாரிக்க அல்ல. ஒரே ஒரு கேள்வி.

“தண்ணி விழுதா?”

விழுது என்றால் வேன் பிடிப்பார்கள். விழவில்லை என்றால் மறுபடி மழை பெய்யும்போதுதான் நம் ஞாபகம் வரும்.

நான் தினமும் தென்காசியிலிருந்து பைக்கில் குற்றாலம் போகிறவன். மெயின் அருவியை எட்டிப் பார்க்காமல் எனக்கு லாட்ஜுக்குப் போய்ப் பழக்கமில்லை. அதனால் என்னிடம் கேட்டால் அசல் நிலவரம் கிடைக்கும் என்று ஒரு நல்ல பெயர். வேறு எதற்கும் எனக்கு நல்ல பெயர் கிடையாது என்பது பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிற புண்ணியவான்களுக்குத் தெரியும்.

கேட்கிறவர்களில் பெரிய ஆள் காதர். என்னோடு சேர்ந்து பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். நான் லாட்ஜுக்கு வந்தேன், அவன் சவூதியில் தம்மாமுக்குப் போனான். அங்கே தண்ணீர் லாரி ஓட்டுகிறான். அவனால் இந்த சீசனுக்கும் வர முடியாது, போன சீசனுக்கும் வரவில்லை. ஆனாலும் தினமும் காலையில், நான் அருவிப் பக்கம் பைக்கை நிறுத்தும் நேரம் பார்த்துக் கூப்பிடுவான்.

“ஏலே மாரி, தண்ணி விழுதாலே?”

“விழுதுலே. துண்ட எடுத்துக்கிட்டு வா.”

“ஆர்ச்சத் தாண்டி விழுதா?”

“தாண்டி விழுது. போலீஸு யாரையும் குளிக்க விடல. ஒன்ன மாதிரி ஒல்லிக்குச்சி வந்தா அடிச்சிட்டுப் போயிரும்னு பயப்படுதாவ.”

ஆர்ச் என்பது மெயின் அருவிக்கு முன்னால் இருக்கும் வளைவு; தண்ணீர் அதைத் தாண்டினால் வெள்ளம். அருவி விஷயம் இவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனுடைய சூப்பர்வைசரின் மீசை, என்னுடைய முதலாளியின் குறட்டை, யார் கல்யாணத்துக்கு யார் போகவில்லை... லாட்ஜ் வாசல் வரைக்கும் பேசுவோம். வைக்கும்போது இரண்டு பேரும் கெட்ட வார்த்தை சொல்லிக்கொள்வோம். அதை இங்கே போட மாட்டார்கள்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டைக் கெடுத்தது யார்? நான்தான். எதை வைத்து? கம்ப்யூட்டரை வைத்து.

என் கையெழுத்தைப் படித்துப் படித்து இந்தப் பத்திரிகையின் உதவி ஆசிரியருக்குக் கண்ணாடி மாறிவிட்டதாம். ‘டைப் அடித்து அனுப்பு, இல்லையென்றால் அனுப்பாதே’ என்று சொல்லிவிட்டார். சரி என்று வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா சென்னைக்குப் போனதிலிருந்து வீட்டில் இருப்பது நான், ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ். மூன்றில் ஃபிரிட்ஜ்தான் அதிகம் பேசும். கம்ப்யூட்டர் வந்தால் நாலாவது ஆளாகுமே!

அது வந்த வாரத்திலேயே எனக்குத் திமிர் ஏறிவிட்டது. ‘சீசன் வந்துவிட்டால் போன் வந்தே உயிரை வாங்குகிறது, இதற்கு ஒரு முடிவு கட்டப்போகிறேன், வெப்சைட் போடப்போகிறேன்’ என்று இதே பக்கத்தில் எழுதினேன். ஞாபகமிருக்கிறதா? இருக்காது. நீங்களும் அப்படித்தான்.

வெப்சைட் போட எந்த சாஃப்ட்வேர் நல்லது? இந்தக் கேள்வியை மட்டும் நாலு பேரிடம் கேட்டுவிடாதீர்கள். மூலத்துக்கு மருந்து கேட்டது மாதிரி ஆளுக்கொன்று சொல்வார்கள்.

“எதுக்குக் கொழப்பம்? எல்லாத்தையும் ஏத்தித் தாரேன்” என்றார் செல்வம் அண்ணாச்சி. ஏற்றினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கல்யாண ஆல்பம் செய்யும் சாஃப்ட்வேர், கடை பில் போடும் சாஃப்ட்வேர், ஜாதகம் பார்க்கும் சாஃப்ட்வேர். வெப்சைட் போடுவது மட்டும் இல்லை. ஜாதகத்தில் என் பிறந்த நேரத்தைப் போட்டேன். திருமணம் தாமதப்படும் என்றது. ஆல்பம் சாஃப்ட்வேரை அப்போதே அழித்துவிட்டேன்.

அடுத்து அக்கா வீட்டு அத்தான். சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார்.

“மாப்ள, ட்ராக் பண்ணி ட்ராப் பண்ற பொம்மையெல்லாம் தொடாத. நல்ல கோட் எடிட்டர் ஒண்ணு போடு, ஃப்ரீதான். அப்புறம் ஒரு ஃபிரேம்வொர்க், ஒரு டேட்டாபேஸ்...”

“அத்தான், ஒரே வரிதான் அத்தான். விழுது. இல்லன்னா விழல.”

“நாளைக்கே பத்து லட்சம் பேர் பாக்க வந்தா உன் சைட் தாங்கணும்ல?”

“பத்து லட்சம் பேரு வந்தா அருவியே தாங்காது அத்தான்.”

அவர் சிரிக்கவில்லை. ஐ.டி.க்காரர்கள் அவர்கள் சொல்கிற ஜோக்குக்கு மட்டும்தான் சிரிப்பார்கள். இருந்தாலும் அவர் பேச்சைத் தட்டாமல் கோட் எடிட்டரைப் போட்டேன். கருப்புத் திரை. அதில் ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டு, ‘சொல்லுடா, என்ன வேண்டும்?’ என்பது போல நின்றது. எனக்கு பாலிடெக்னிக் வைவா ஞாபகம் வந்து வியர்த்தது. மூடிவிட்டேன்.

கடைசியில் காதரிடம் கேட்டேன்.

“எது சுலபமோ அதப் போடுலே. அதுக்குப் போயி அண்ணாச்சி, அத்தான்னு அலையுதே?”

ஆகவே, அத்தான் தொடாதே என்ற பொம்மையையே தொட்டேன். கோட் எழுத வேண்டாம். பெட்டி பெட்டியாக இழுத்து வைத்தால் போதும். ஆரம்பிக்கும்போது அது கடித்துக் குதறிய தமிழில் ஒரு கேள்வி கேட்டது. இந்தத் தளத்தால் உங்களுக்கு என்ன நடக்க வேண்டும்? பொருள் விற்க வேண்டுமா? புகழ் பெற வேண்டுமா? தொலைபேசி அழைப்புகளைக் குறைக்க வேண்டுமா?

அட, நம் மனசை இதுவரை ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லையே! கடைசியை டிக் செய்தேன். அடுத்த நொடி, பக்கத்தின் அடியில் இருந்த ‘தொடர்பு கொள்ள’ என்ற பெட்டியை அதுவே எடுத்துவிட்டது.

கெட்டிக்கார சாஃப்ட்வேர். சொன்னதைச் செய்துவிட்டது.

மேலே ‘தண்ணி விழுதா?’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு. கீழே பதில். காலையில் பைக்கை நிறுத்தி, பார்த்து, போனிலிருந்தே மாற்றிவிடுவேன். ‘மெயின் அருவி: விழுது. ஆனா குளிக்க விடல. ஐந்தருவி: அஞ்சும் விழுது, கூட்டம் அதுக்கு மேல விழுது.’ தெரிந்தவர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பினேன். கட்டைவிரல், கைதட்டல், பூங்கொத்து பொம்மையெல்லாம் வந்தன. சித்தி ‘சூப்பர்டா’ என்று போட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு போன் வரவில்லை. அம்மா கூப்பிடுவாள். ஆனால் அது போன் இல்லை, விசாரணை. சனிக்கிழமை அதுவும் வரவில்லை. காதர்? முதல் நாள் கூப்பிடவில்லை. வேலையாக இருப்பான் என்று நினைத்தேன். மறுநாளும் இல்லை. அந்த வாரமே இல்லை. அருவிப் பக்கம் பைக்கை நிறுத்திவிட்டு, வராத போனைக் கையில் வைத்துக்கொண்டு நனைவேன். பார்க்கிறவர்கள் செல்ஃபி எடுக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அண்ணாச்சி கடையிலிருந்து லாட்ஜுக்குப் போனேன். ரூமைக் காலி செய்த ஒருவர் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டு ஐந்தருவிக்குப் போய்விட்டாராம். கொடுத்துவிட்டு வா என்று முதலாளி அனுப்பினார். கொடுத்துவிட்டுத் திரும்பினால், வேன்கள் நிற்கிற இடத்தில் ஜமுக்காளம் விரித்து ஒரு குடும்பமே புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. நடுவில் ஈரத்தலையோடு யார்? சிவகிரி பெரியப்பா!

வருடா வருடம் முதல் ஆளாகப் போன் போடுகிறவர். வந்தால் எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். ஈரத்துணியெல்லாம் எங்கள் கொடியில்தான் காயும்.

“ஏ மாரி! நீ எங்கன இங்க?”

“நான் இங்கனதான இருக்கேன் பெரியப்பா. நீங்க எப்ப வந்திய? ஒரு போன் போடலயே?”

“அதான் நீ கம்ப்யூட்டர்ல போட்டுருக்கியேப்பா, அஞ்சும் விழுதுன்னு! பாத்தோம், வேன எடுத்தோம். எதுக்குப் பிள்ளைய தொந்தரவு பண்ணணும்னு பெரியம்மாதான் சொன்னா.”

பெரியம்மா ஓர் இலையில் புளியோதரையும் அப்பளமும் வைத்துத் தந்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. “நல்ல ஐடியாப்பா, யாருக்கும் சிரமம் இல்ல” என்று முதுகில் தட்டினார் பெரியப்பா.

யாருக்கும் சிரமம் இல்லை. சரிதான்.

சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்கும்போது அது என்னென்ன செய்யும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது செய்து முடித்த பிறகு நமக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று எவராவது சொல்கிறார்களா?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். வெப்சைட்டை யார் யார், எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்று அந்த சாஃப்ட்வேர் ஒரு வரைபடம் காட்டும். அதுவரை அதைத் திறந்ததில்லை. மதுரை, சிவகிரி, கோயம்புத்தூர்... தமிழ்நாடு பூராவும் புள்ளிகள். அந்தப் பக்கம், கடலைத் தாண்டி, மணல் நிறத்தில் கிடந்த இடத்தில் ஒரே ஒரு புள்ளி. தம்மாம்.

அமுக்கினேன். அந்தப் புள்ளி தினமும் வந்திருக்கிறது. நான் பைக்கை நிறுத்தி நிலவரத்தை ஏற்றுவேன். ஏற்றின உடனே வந்திருக்கிறது. வருகிறான், பார்க்கிறான், போகிறான்.

‘தொடர்பு கொள்ள’ பெட்டியை மறுபடி வைக்கலாமா என்று தேடினேன். ‘இது உங்கள் நோக்கத்துக்குப் பொருந்தாது’ என்றது சாஃப்ட்வேர். என் நோக்கம் அதற்கு எப்படித் தெரியும்? நான்தானே டிக் அடித்துக் கொடுத்தேன். கோபம் வந்து எல்லாப் பெட்டியையும் அழித்தேன். தலைப்பை மட்டும் விட்டுவைத்து, பதில் இருந்த இடத்தில் ஒரு வரி அடித்தேன்.

‘தண்ணி விழுதா? கேட்டாத்தான் சொல்லுவேன்.’

நம்பர் போடவில்லை. கேட்க வேண்டியவர்களிடம் இருக்கிறது. மற்றவர்கள் மன்னிக்கவும், டி.வி. செய்தி பார்க்கவும்.

திங்கட்கிழமை காலை. மெயின் அருவிப் பக்கம் பைக்கை நிறுத்தினேன். சாரல் முகத்தில் அடித்தது. போனை எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் வராது என்று ஒரு பயம். ஒரு டீ சொன்னேன். டீ வரும் முன்னால் சட்டைப்பை அலறியது.

“ஏலே! வெப்சைட்டுக்கு என்னாச்சுலே? கேட்டாத்தான் சொல்லுவேன்னு திமிரா போட்டுருக்கு?”

“கெட்டுப்போச்சுலே.”

“அந்த சாஃப்ட்வேரே சரியில்லலே. அத்தான் சொன்னதப் போட்டுருக்கலாம்லா?”

“எது சுலபமோ அதப் போடுன்னு சொன்ன நாயி யாருலே?”

சிரித்தான். நான் விடவில்லை.

“இத்தன நாளா ஏன்லே கூப்பிடல?”

“நீதானலே போன் வந்து உசுர வாங்குதுன்னு பத்திரிகைல எழுதுன? எங்கம்மா போட்டோ எடுத்து அனுப்புனா, படிச்சேன். சரி, பயலுக்கு வேல சாஸ்தி, தொந்தரவு பண்ணாண்டாம்னு இருந்தேன். ஆனா தெனமும் வந்து பாத்தேன்லே.”

“தெரியும். சாஃப்ட்வேரு காட்டிக்குடுத்துட்டு.”

“காட்டுச்சுல்லா? அப்ப நீ கூப்பிட வேண்டியதுதான?”

டீ வருகிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

டீ வந்தது. எதிரே அருவி ஆர்ச்சைத் தாண்டி, பேசுவது கேட்காத அளவுக்கு இரைந்துகொண்டிருந்தது. அது காதருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

“சரிலே மாரி, அது கெடக்கட்டும். தண்ணி விழுதாலே?”

“அத விடு. காலையில என்ன தின்ன?”

குப்பூஸ் ரொட்டி தின்றானாம். சூப்பர்வைசர் மீசையை எடுத்துவிட்டாராம், அடையாளமே தெரியவில்லையாம். நான் பெரியப்பாவின் ஈரத்தலையைச் சொன்னேன், ஜாதக சாஃப்ட்வேரைச் சொன்னேன். டீ ஆறியது. லாட்ஜுக்கு நேரமாகிவிட்டது. நடுவில் நாலைந்து தடவை தண்ணி விழுதா, விழுதா என்று கேட்டுவிட்டான். கடைசி வரை நான் சொல்லவில்லை.

சொன்னால் போனை வைத்துவிடுவானே!