சுவரைப் பார்த்து இருந்தவனுக்குக் கிடைத்த பதவி

இன்று காலை என்னைக் குரு ஆக்கிவிட்டார்கள்!

(ஆசீர்வாதம் கேட்டு இன்பாக்ஸுக்கு வரவேண்டாம். முதலில் முழுவதையும் வாசியுங்கள்.)

தெரியாதவர்களுக்கு: நான் மொன்ட்ரியாலுக்குப் பக்கத்தில், லவாலில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். பின்னால் பஸ் நிறையப் பிள்ளைகள், முன்னால் பனி, நடுவில் என் வாய். நான் கத்தியது ஒரு தாயின் காதில் விழுந்து, அவர் கொம்பனிக்குச் சொல்லி, மனேஜர் என்னைக் கூப்பிட்டு எங்கேயாவது போய்க் கொஞ்சம் அமைதி பழகும்படி சொன்னார்.

இலவசமாக அமைதி கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. மொன்ட்ரியால்-நோர் பகுதியில், ஒரு சமூக நிலையத்தின் கீழ்த்தளத்தில், ஞாயிற்றுக்கிழமை பௌத்த தியான வகுப்பு.

நடத்துபவர் ஜோசியான் என்ற பெண்மணி. காவி இல்லை, மொட்டை இல்லை, பூப்போட்ட ஸ்வெட்டர். சலூனில் தலைமயிர் வெட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் கத்தரிக்கோலோடு நின்று மற்றவர்களின் புருஷன்மார் கதையைக் கேட்டுக் களைத்து, ஒருவரும் கதைக்காத இடம் எங்கே என்று தேடித்தான் தியானத்துக்கு வந்தாராம்.

(இதைவிட நேர்மையான ஞானோதயத்தை நான் கேட்டதில்லை.)

முதல் நாள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். முன்னால் மேசையில் வெள்ளைப் புத்தர்.

சப்பாத்தைத் திரும்பவும் போட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சண்டை முடிந்த பிறகு ஒருமுறை யாழ்ப்பாணத்துக்கு, எங்கள் ஊருக்குப் போனேன். எங்கள் வீட்டு வளவு இராணுவ முகாமின் முட்கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அப்பா நட்ட மாமரத்தைக் காணவில்லை. அது நின்ற இடத்தில் இதே முகம், இதே புன்சிரிப்பு. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பாவம், அவரைக் கேட்டா கொண்டுவந்து வைத்தார்கள் என்று மூளை சொல்லும். மனம் கேட்காது.

வாசலில் ஜோசியான் மறித்தார். புத்தரைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது என்பதை மட்டும் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

"அப்ப சுவரைப் பாத்து இரும்," என்றார். (பிரெஞ்சில்தான். என் காதில் யாழ்ப்பாணத் தமிழாக விழுந்தது.)

இருந்தேன். சுவரில் ஒரு ஹீட்டர், அதற்கு மேல் ஸும்பா நடன வகுப்பு நோட்டீஸ். அடுத்த நாள் கத்தாமல் ஒரு முழு ரவுண்ட் பஸ் ஓட்டினேன். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

இனித்தான் பகிடி.

சில மாதங்களில் பக்கத்தில் இருந்த கணக்காளரும் சுவர்ப்பக்கம் திரும்பினார். பிறகு அவருடைய மனைவி. இது உங்கள் ஊரின் பழைய முறையா என்று கணக்காளர் ஒரு நாள் பயபக்தியோடு கேட்டார். உண்மையைச் சொல்ல என்னிடம் அவ்வளவு பிரெஞ்சு இல்லை, தலையை ஆட்டிவிட்டேன். அப்படி ஒரு முறை உண்மையிலேயே இருக்கிறது என்று அவரே போனில் தேடிக் கண்டுபிடித்து வந்து எனக்குச் சொன்னார்!

கடைசியில் முழு வகுப்பும் சுவரைப் பார்த்து இருந்தது. புத்தர் தனியே எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஜோசியானுக்கு முழங்கால் ஏலாது. மகளோடு போய் இருக்கப்போகிறார். தன் கதிரையில் இனி நான் இருக்கவேண்டும் என்றார். ஒரு வழக்கம் மட்டும் உண்டு. புதிதாக அந்தக் கதிரையில் இருப்பவர், தான் எப்படித் தியானத்துக்கு வந்தேன் என்பதை எல்லோருக்கும் சொல்லவேண்டும்.

வீட்டில் மனைவி சுபாவிடம் சொன்னேன். அவள் கார்தெரி என்னும் பகல் காப்பகத்தில் பிள்ளை பார்க்கிறவள், நேரே விஷயத்துக்கு வருவாள்.

"மன அமைதி தேடி வந்தனான் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. உண்மையைச் சொன்னா அந்தச் சனம் எழும்பிப் போயிடும். பேந்து நீங்கள் எங்க போய் இருப்பியள்?"

எனக்கும் அந்தப் பயம்தான். நான் சத்தமில்லாமல் இருக்கும் ஒரே இடம் அது.

இன்று கதிரையில் போய் இருந்தேன். மன அமைதி என்று பாடமாக்கி வைத்திருந்தேன். வாயைத் திறக்க மாமரம்தான் வந்தது. முட்கம்பி, சிரிப்பு, சப்பாத்து எல்லாவற்றையும் சொன்னேன். பழைய முறை ஒன்றுமில்லை, என்னால் புத்தருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான் என்பதையும் சொன்னேன்.

ஒருவரும் பேசவில்லை.

(தியான வகுப்பில் இது பெரிய பிரச்சினை. கோபத்தில் பேசாமல் இருக்கிறார்களா, இல்லை வழக்கம்போலா என்று கண்டுபிடிக்கவே முடியாது.)

ஆனால் ஒருவரும் எழும்பவில்லை. கணக்காளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அப்படியென்றால் நாங்கள் இனிச் சுவரைப் பார்ப்பதா இல்லையா என்று கேட்டார். உங்கள் விருப்பம் என்றேன். என் முதல் உபதேசம்!

ஜோசியான் என் காதுக்குள் குனிந்தார்.

"இந்தக் கதிரையில இருந்தா புத்தர் உமக்குப் பின்னால. கவனிச்சனீரோ?"

நான் கவனிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து சுபாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"புத்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டோ இருந்தனீங்கள்? ஊரில எண்டா உதுக்குப் பொலிஸ் பிடிக்கும். இங்க பதவி குடுக்கினம்," என்றாள்.

திரும்ப உள்ளே போனபோதுதான் தெரிந்தது, பதவியோடு ஓர் அலுமாரித் திறப்பும் (சாவிதான்) வருகிறது. அடுத்து அதே அறையில் ஸும்பா. அதற்கு முதல் சிலையைத் துணியில் சுற்றி உள்ளே வைப்பது குருவின் வேலையாம்.

தூக்கினேன். முதல் தடவையாக அந்த முகத்தைக் கிட்டப் பார்த்தேன். மூக்கு நுனியில் வெள்ளை உதிர்ந்திருந்தது. சிரிப்பு அதே சிரிப்புத்தான். கோபம் போய்விட்டது என்று எழுதினால் லைக் நன்றாக விழும். போகவில்லை. ஆனால் கீழே போடவும் மனம் வரவில்லை.

துவாயால் சுற்றி, அலுமாரிக்குள், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

அவரும் கொஞ்சம் பழகட்டும்.