சவரி எங்கேயும் போகவில்லை

செய்தி வந்தபோது நான் ஒரு கல்யாணப் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அலோர் காஜாவில் என் தையல் கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. போனில் பிலோமினா அழவில்லை. "அக்கா, அவரு போயிட்டாரு. வேலைக்குக் கெளம்பி காலுக்கு சப்பாத்து போட உக்காந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு" என்றாள். நான் மிதியிலிருந்து காலை எடுக்க மறந்துவிட்டேன். தையல் கோணலாகப் போய்ப் புடவையின் பூவேலையில் ஏறிவிட்டது. அந்தப் புடவைக்காரி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

போனவன் சவரிமுத்து. வயது நாற்பத்து நான்கு. ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டினான். பதினாறாங்கட்டைத் தோட்டத்துக் கால்பந்து அணிக்குப் பத்தாம் எண் சட்டையில் ஆடினான். அவன் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: அவன் பந்தை வாங்கித் திரும்பினால், அது அடுத்து எங்கே போகப் போகிறது என்று எதிரணிக்காரர்கள்கூட ஒரு நொடி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

நான் தவமணி, அந்த அணியின் செயலாளர். தோட்டம் இப்போது இல்லை. ரப்பரை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள், செம்பனையையும் வெட்டி வீடு கட்டிவிட்டார்கள். ஆட்கள் ஆயர் குரோவுக்கும் மஸ்ஜித் தானாவுக்கும் தஞ்சோங் கிளிங்குக்கும் போய்விட்டார்கள். பதினாறாங்கட்டை என்ற பெயர் இன்று எங்கள் ஜெர்சியின் முதுகில் மட்டும்தான் இருக்கிறது. அதைத் தைப்பவளும் நான்தான்.

சாவு வீட்டில் ஜெபம் முடிந்து, ஆண்கள் வாசல் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அணியின் தலைவர் பெருமாள் அண்ணன் தன் பாணியில் பெருமூச்சு விட்டார். "நல்ல ஆட்டக்காரன்தான். அந்த ஒரு வருசம் மட்டும் நம்மள உட்டுட்டு ஓடப் பாத்தான். சரி, செத்தவனப் பத்தி இப்ப என்னா பேசறது" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கதவோரம் நின்ற பிலோமினா அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இந்த அஞ்சலியை அந்த ஒரு பார்வைக்காகத்தான் எழுதுகிறேன்.

சவரி ஓடமாட்டான். அதுதான் அவன்மேல் எல்லாருக்கும் இருந்த குறை. "இம்புட்டு நல்லா ஆடுறவன், கொஞ்சம் ஓடுனா என்னாடா?" என்று பெருமாள் அண்ணன் திடல் ஓரத்திலிருந்து கத்துவார். "பந்து ஓடட்டும்ணே. அதுக்குத்தான காத்து அடிச்சு வச்சிருக்கு" என்று இவன் நின்ற இடத்திலிருந்தே பதில் சொல்வான். சொன்ன கையோடு நாற்பது அடி தள்ளி ஓடுகிறவன் காலுக்குப் பந்து போய்ச் சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு யார் திட்டுவது?

என்னைச் செயலாளர் ஆக்கியதும் அவன்தான். அதுவரை பெருமாள் அண்ணனின் மைத்துனர் அந்தப் பொறுப்பில் இருந்தார். ஆட்டத்துக்கு ஆட்டம் எதையாவது மறப்பார். ஒரு முறை அணியையே தவறான திடலில் இறக்கிவிட்டார். அன்று நடந்த கூட்டத்தில் சவரி எழுந்து, "நம்பர் தைக்கிறது தவமணி அக்கா. தொவைக்காதவன திட்டறதும் தவமணி அக்கா. பேரு மட்டும் வேற ஆளுக்கா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்துக்கொண்டே எனக்காகக் கை தூக்கிவிட்டார்கள். பெருமாள் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "பொம்பள கையில டீம குடுத்திருக்கோம். ஒரு தப்பு வரட்டும், பாத்துக்கிறேன்" என்று என் காதுபடவே சொன்னார்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கெட்ட வருடம் வந்தது. தொட்டதெல்லாம் தோல்வி. லீக்கில் கடைசி இடம். கடைசியில் நின்றால் லீக்கை விட்டே வெளியே. வெளியே போனால் அணியைக் கலைத்துவிடலாம் என்று கமிட்டியில் பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஆயர் குரோவில் ஒரு பணக்கார அணி சவரியைக் கேட்கிறது என்று பேச்சு கிளம்பியது. அவர்களுக்குச் சொந்த பஸ் இருந்தது, காலைப் பிடித்துவிடத் தனி ஆள் இருந்தார். ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தால் இதே பேச்சு. ஒருவர் அவனை அவர்களுடைய காரில் பார்த்தேன் என்றார். இன்னொருவர் கையெழுத்தே போட்டாயிற்று என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். அவனிடமே கேட்டவர்களுக்கு, "பேசட்டும் லா. தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்பதுதான் பதில்.

நான் கேட்கவில்லை. செயலாளர் போய்க் கெஞ்சுவதா என்று ஒரு வீம்பு. உள்ளுக்குள் மட்டும் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தில் வேலையை விட்டுப் போகிறவர் ரப்பர் பால்வாளியையும் வெட்டுக்கத்தியையும் கழுவித் துடைத்து ஆபிசில் வைத்துவிட்டுத்தான் போவார். அதே பழக்கத்தில், எங்கள் அணியை விட்டுப் போகிறவன் ஜெர்சியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போவான். வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டான். நாங்களும் கேட்க மாட்டோம். மற்றபடி எங்கள் ஆட்கள் ஜெர்சிக்கு இஸ்திரி போட்டு நான் பார்த்ததே இல்லை. துவைத்துத் தந்தாலே பெரிய விஷயம்.

இரண்டாம் சுற்றுக்கான பெயர்ப் பட்டியலைக் கொடுக்கக் கடைசி நாள் அது. மாலை ஐந்து மணிக்குள் ஆயர் குரோவில் லீக் ஆபிசில் சேர்க்க வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கடைக் கம்பிக் கதவில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்குகிறது. உள்ளே பத்தாம் எண் ஜெர்சி. துவைத்து, இஸ்திரி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு வைத்து.

அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. என்னைச் செயலாளர் ஆக்கியவன், நேரில் தருவதற்குக்கூட வராமல் கதவில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். போன் அடித்தது, அவன் வீட்டு நம்பர். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாவது முறை போனைத் துணிக்கடியில் தள்ளிவிட்டேன். ஒரே ஆட்டக்காரர் பெயர் இரண்டு அணியின் பட்டியலில் இருந்தால் இரண்டு அணியையும் நீக்குவார்கள் என்பது விதி. பேனாவை எடுத்து சவரிமுத்து என்ற பெயரை அடித்தேன். செம்பனை ஆலையில் வேலை பார்த்த தினேஷின் பெயரை எழுதினேன். நாலரை மணிக்குப் பட்டியலைக் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை சவரி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். வயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளே வந்து, "அக்கா, பக்கவாட்டுல ரெண்டு இஞ்ச் விட்டுட்டீங்களா? பிலோ சமையல் அப்படி. பசங்க பாத்தா சிரிப்பானுங்கன்னுதான் அவகிட்ட ரகசியமா குடுத்து விட்டேன்" என்றான்.

பிலோமினா தஞ்சோங் கிளிங்கிலிருந்து வந்த புதுப் பெண். எங்கள் வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்? தையல்காரியிடம் அழுக்குத் துணியைக் கொடுப்பதா என்று மரியாதைக்கு இஸ்திரி போட்டிருக்கிறாள். கடை பூட்டியிருக்கவே பையை மாட்டிவிட்டு, விஷயத்தைச் சொல்லத்தான் மூன்று முறை அழைத்திருக்கிறாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஆட்டம்தான் அவன் உயிர். முத்திரை விழுந்த பட்டியலை மாற்ற வழியில்லை; அந்தச் சுற்று முழுக்க அவன் ஆட முடியாது. தரையில் கிடந்த துணி வெட்டுகளைக் காலால் ஒதுக்கினான். பிறகு, "வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான்.

"யாருக்கும் தெரியாது. இன்னிக்கே கமிட்டியில சொல்லிடறேன்."

"வேணாம்க்கா. சொன்னா அண்ணன் உங்கள அன்னிக்கே தூக்கிடுவாரு. மறுபடி மைத்துனர் வருவாரு, நம்ம டீமு வேற எந்தத் திடல்லயாவது போய் நிக்கும். எனக்குக் கெட்ட பேரு வந்தா நாலு பாஸ் குடுத்து நல்ல பேர திரும்ப வாங்கிக்குவேன். உங்க பேரு கெட்டா அது திரும்ப வராது."

நான் முடியாது என்றேன். கத்தினேன், அழுதேன். அவன் கேட்கவில்லை. அன்று மாலை திடலில் எல்லாரும் இருக்கும்போது, "நான்தான் போறதா இருந்தேன். அக்காகிட்ட பேர எடுக்கச் சொன்னேன். அங்க சரிப்பட்டு வரல" என்றான். பெருமாள் அண்ணன் காறித் துப்பினார். ஒட்டுக்கடையில் அவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பயந்துதான் திறக்கவில்லை. அதற்கு நல்ல பெயர் எதுவும் வைக்க வேண்டாம்.

ஆனால் அவன் ஒரு பயிற்சிக்கும் வராமல் இருந்ததில்லை. தண்ணீர் தூக்கினான், பந்துக்குக் காற்றடித்தான். தினேஷை மட்டும் தனியே கூப்பிட்டு எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று காட்டினான். அவனிடம் பேசியவனும் தினேஷ் ஒருவன்தான்.

கடைசி ஆட்டம் கோலா சுங்கை பாருவில், கடலோரத் திடலில். ஜெயித்தால் இருப்போம். சமன் ஆனாலும் போதாது. இடைவேளையில் நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். ஆட்கள் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சவரி என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்: "அக்கா, மேகம் வெலகுது பாருங்க. இப்ப அவங்க கோல்கீப்பர் கடலப் பாத்து நிப்பான். வெயிலு நேரா கண்ணுலதான். பந்த ஒசரமா தூக்கி அடிக்கச் சொல்லுங்க."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க சொல்லுங்க."

பந்தைத் தரையில் உருட்டியே பேர் வாங்கியவன் தூக்கி அடிக்கச் சொல்கிறான். நான் போய்ச் சொன்னேன். பெருமாள் அண்ணன், "உனக்கு என்னா தெரியும்?" என்று ஆரம்பித்தார். "தோத்தா நாளைக்கே என்னைத் தூக்குங்க. இப்ப அடிக்கட்டும்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று எனக்கே தெரியவில்லை.

மேகம் விலகியது. தினேஷ் நடுத்திடல் தாண்டியதும் வானத்தைப் பார்த்து ஒன்று அடித்தான். கோல்கீப்பர் கையை நெற்றியில் வைத்துப் பந்தைத் தேடினார். அது அவர் பின்னால் வலைக்குள் விழுந்து உருண்டது. பிறகு அவர் யாரிடமோ தொப்பி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது தினேஷ் மறுபடி உயரத் தூக்கினான். தொப்பியோடு சேர்ந்து கோல்கீப்பர் விழ, எங்கள் ஆள் தலையால் தட்டி உள்ளே போட்டான். இரண்டுக்கு ஒன்று.

விசில் ஊதியதும் அந்தக் கடற்கரையே எங்களுடையதாகிவிட்டது. மீன் ஏற்றிக்கொண்டிருந்த மலாய்க்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். வேனில் திரும்பும்போது பாட்டும் கூத்தும்தான். பெருமாள் அண்ணன் கட்டைக் குரலில் என்னைப் பார்த்து, "அடுத்த வருசமும் நீதான் செக்ரட்டரி" என்றார். பின்சீட்டில் ஒதுங்கியிருந்த சவரியைப் பார்த்து, "பாத்தியா? நீ இல்லாமயே ஜெயிச்சோம்" என்றார். வேன் முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது சவரி. முகத்தில் துளிக் கசப்பு இல்லை. ஒரு கோப்பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அடுத்த வருடம் திரும்பி வந்து, இரண்டு இஞ்ச் விட்ட ஜெர்சியோடு நாற்பது வயது வரை ஆடினான். நாங்கள் மறுபடி கடைசி இடத்துக்குப் போகவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் யாராவது, "இந்த வருசம் எங்கடா ஓடப் போற?" என்று கிண்டல் செய்வார்கள். அவனும் சிரிப்பான். இரண்டு முறை நான் உண்மையைச் சொல்ல எழுந்தேன். இரண்டு முறையும் இருமி, பேச்சை மாற்றி, என்னை உட்கார வைத்துவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னை இருமி உட்கார வைக்க ஆளில்லை. ஆட்டத்துக்கு முன், பிலோமினாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நடுத்திடலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பையன்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். தினேஷ் தேம்பிவிட்டான். பெருமாள் அண்ணன் பிலோமினாவின் முன்னால் வந்து நின்று, "நான் துப்புனேம்மா. அவன் மொகத்துக்கு நேரா துப்புனேன்" என்றார்.

"தெரியும் மாமா. அன்னிக்கு வீட்டுக்கு வந்து சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. அண்ணனுக்கு டீமு மேல அம்புட்டு உசுருன்னாரு" என்றாள் பிலோமினா.

அன்றைய ஆட்டத்தை நாங்கள் மூன்று கோல் போட்டு ஜெயித்தோம். மூன்று முறையும் பையன்கள் அவள் நின்ற பக்கம்தான் ஓடினார்கள். மூன்றாவது முறை அவளும் சிரித்துவிட்டாள்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தச் செயலாளர் பதவியைத்தான். என் திறமையால் காப்பாற்றிக்கொண்டேன் என்று ஊர் இத்தனை நாள் நினைத்திருந்தது. அவன் தன் பெயரைக் கொடுத்து எனக்கு வாங்கித் தந்தது அது. அடுத்த கூட்டத்தில் என்னைத் தூக்க வேண்டுமென்றால் தூக்கட்டும், ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவன் பெயரை மட்டும் இனி யாரும் தொடக்கூடாது.